எலிசபெத் காலத்து எளிய மக்கள்

நுவரெலியா நகருக்கு வருவோர் அங்குள்ள பழைய கட்டடங்கள் சிலவற்றைக் கண்டு வியந்து நிற்பதுண்டு. 1894ஆம் ஆண்டிலே செங்கல்லால் எழுப்பப்பெற்ற அஞ்சலகமும், கிராண்ட் ஹோட்டலின் முகப்பும் அத்தகையன. செங்குத்தாகச் சரிந்த கூரை, உயர்ந்த புகைபோக்கி, வெண்சுவரிலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கருமரச் சட்டம் ஆகியவை இவ்வகைக் கட்டடங்களின் அடையாளங்கள். கட்டடக் கலைஞர் இதனை டியூடர் பாணி என்பர். டியூடர் என்பது 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட அரசமரபின் பெயர். அம்மரபின் கடைசி அரசியே முதலாம் எலிசபெத் மகாராணி.

1819ஆம் ஆண்டிலே மருத்துவர் ஜோன் டேவி இம்மலைச் சமவெளிக்கு வந்த பின்னர், ஆங்கிலேயர் இதனை நாடி வரத் தொடங்கினர். 1848இல் சாமுவேல் பேக்கர் ஆடு, மாடு, விதை, வேலையாட்கள் எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொணர்ந்து இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைக்க முயன்றார். தாய்நாட்டை நினைவூட்டும் வீடுகள் அவ்வழியே எழுந்தன. ஆயின், அவ்வீடுகளின் மூலவடிவம் தோன்றிய காலத்தில் இங்கிலாந்திலே குடியானவனும் கூலியாளும் எவ்வாறு வாழ்ந்தனர்? அதனை அறிவதால் மலைநாட்டின் வரலாறும் ஒருவாறு விளக்கம் பெறும்.

மறுமலர்ச்சிக் காலம் என்றதும் புலவர்களும் நாடகங்களுமே நினைவுக்கு வருவது இயல்பு. கக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவியதும், 1599இல் லண்டனிலே குளோப் நாடக அரங்கு எழுந்ததும் பெருநிகழ்ச்சிகளே. ஒரு பென்னி கொடுத்த எளியவனும் அவ்வரங்கின் முற்றத்திலே நின்று ஷேக்ஸ்பியரின் நாடகத்தைக் காண முடிந்தது. எனினும், 1600ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் மக்கள் ஏறக்குறைய 40 இலட்சம் பேர். லண்டனில் வாழ்ந்தோரோ சுமார் 2 இலட்சம் பேரே. எஞ்சியோரிற் பெரும்பாலார் மண்ணை நம்பி வாழ்ந்த கிராமத்தவர்.

அவர்கள் வீட்டின் எலும்புக்கூடு மரச் சட்டமாகும். சட்டங்களின் இடைவெளியிலே மிலாறுகளைப் பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பினர். வரிச்சு கட்டி மண் அப்பும் வழக்கம் இலங்கைக் கிராமத்தார்க்குப் புதிதன்று. நுவரெலியாவிலே இச்சட்டம் பெரும்பாலும் சுவருக்கு அணி; அன்றைய இங்கிலாந்திலோ அதுவே வீட்டின் பாரத்தைத் தாங்கியது. அழகுக்காக எழுந்ததன்று அவ்வீடு; அயலிலே கிடைத்த மரமும் மண்ணும் தந்த வடிவம் அது.

இவ்வீடுகளின் உள்ளே நிகழ்ந்த மாற்றத்தை அறிய ஒரு நற்சான்று உண்டு. எசெக்ஸ் மாவட்டத்துச் சிற்றூராகிய ராட்விண்டரில் குருவாக இருந்த வில்லியம் ஹரிசன் என்பார், 1577இல் வெளியான தமது இங்கிலாந்து விவரண நூலிலே தம் ஊர் முதியோர் கூறியவற்றைப் பதிந்துள்ளார். தங்கள் வாழ்நாளிலே மூன்று பொருள்கள் பெரிதும் மாறினவென்று அம்முதியோர் கூறினர். முதலாவது புகைபோக்கி. அவர்களுடைய இளமையிலே ஓர் ஊரில் இரண்டு மூன்று புகைபோக்கிகள் இருந்தாலே அதிகம்; ஏனையோர் நடுக்கூடத்திலே தீ மூட்டிப் புகையிலே கிடந்தனர். இரண்டாவது படுக்கை. வைக்கோற் பாயிலே மரக்கட்டையைத் தலைக்கு வைத்துத் துயின்றோர், பின்னர் மெத்தையும் தலையணையும் கண்டனர். தலையணை பிள்ளைப்பேற்றுப் பெண்களுக்கே உரியதென்று கருதிய காலமும் இருந்ததாம். மூன்றாவது பாத்திரம். மரத்தட்டும் மரக்கரண்டியும் போய் வெள்ளீயக் கலங்கள் வந்தன.

இந்நன்மைகளைச் சொன்ன முதியோர் தீமைகளையும் மறைத்தாரல்லர். குத்தகை உயர்ந்தது, நிலக்குடிகள் நெருக்கப்பட்டனர், வட்டி பெருகியது என்று மூன்று குறைகளையும் அவர்கள் எடுத்துரைத்தனர். வீட்டிலே தலையணை வந்த அதே காலத்திற் கடனும் வந்து சேர்ந்தது.

உணவிலோ ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகத் தெரிந்தது. செல்வர் வெள்ளைக் கோதுமை ரொட்டியை உண்டனர். ஏழைகள் றை என்னும் தானியமும் வாற்கோதுமையும் கலந்த கரிய ரொட்டியை உண்டனர். பஞ்சத்திலே பயறும் அவரையும் மாவோடு சேர்ந்தன. 1594 முதல் 1597 வரை விளைச்சல் தொடர்ந்து பொய்த்தபோது பசி நாடெங்கும் பரவியது. சிறுவர் உட்பட யாவரும் அருந்திய அன்றாடப் பானம் வாற்கோதுமையிலிருந்து வடித்த மென்மையான மதுவே.

இன்று ஆங்கிலேயர்க்கே உரியவை என எண்ணப்படும் பழக்கங்கள் பல அன்று அங்கில்லை. கத்தியும் கரண்டியும் இருந்தன, முள்ளுக்கரண்டி இல்லை. உணவைக் கையாலேயே எடுத்து உண்டனர். இத்தாலியிலே முள்ளுக்கரண்டியைக் கண்டு பழகிய தோமஸ் கோர்யற் அதனைப் பற்றித் தமது 1611ஆம் ஆண்டுப் பயண நூலில் எழுதினார். நண்பர்கள் அவரை எள்ளி நகையாடினர். உருளைக்கிழங்கு ஓர் அரிய விந்தைப் பொருள். தேயிலையோ எவரும் அறியாதது. லண்டன் அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் 1660இல் ஒரு கிண்ணம் தேநீர் அருந்தியதைப் புதுமையெனக் கருதித் தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். எலிசபெத் மறைந்து 57 ஆண்டுகள் அப்போது கடந்திருந்தன. இலங்கையிலிருந்து அன்று ஆங்கிலச் செல்வர் இல்லம் புகுந்த பொருள் கறுவாவே. அதுவும் போர்த்துக்கேயர் கைவழியே சென்றது. லண்டன் வணிகர் ரால்ப் பிட்ச் 1589இல் கொழும்புக்கு வந்தார் எனினும், ஆங்கிலேயர் இங்கே ஆட்சி செலுத்த இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

வீட்டின் வடிவத்தைக் காட்டிலும் வலிமையான மற்றொன்றும் அக்காலத்தில் உருவாயிற்று. 1563ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே அது. மார்ச் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவரை, தொழிலாளி காலை 5 மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டும். மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையிலேயே திரும்பலாம். உணவுக்கும் ஓய்வுக்கும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. கூலியை நீதவான்கள் விதித்தனர். விதித்ததற்கு மேல் கொடுத்த முதலாளிக்கு 10 நாட் சிறை. வாங்கிய தொழிலாளிக்கு 21 நாட் சிறை! விடுதலைச் சான்றிதழின்றி வேலையைவிட்டு வேற்றூர் சென்றவன் நாடோடியெனச் சிறைப்படவும் சவுக்கடி படவும் நேர்ந்தது.

இச்சட்டத்தின் வழிவந்த எண்ணமே கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிட 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இடங்கொடுத்தது. தோட்டங்களிலே "துண்டு" என்ற முறையும் நிலவியது. தொழிலாளியின் கடன்தொகை ஒரு தாளில் எழுதப்படும். அதனைத் தீர்க்கும் தோட்டமே அவனைப் பெறலாம். இங்கிலாந்திலே வேலை ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சிறையிலிடும் வழக்கம் 1875இல் நீங்கியது. துண்டு முறையோ 1921இலேதான் சட்டத்தால் ஒழிந்தது. தாய்நாட்டிலே கைவிடப்பட்ட கட்டு இம்மலைகளிலே நெடுங்காலம் அவிழாது கிடந்தது.

ஆகவே, நுவரெலியாவின் மரச்சட்ட வீடுகளைக் காண்போர் அவற்றை ஒரு பெருமிதச் சின்னமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வடிவத்தை முதலில் ஆக்கியவர்கள் புகையிலே இருந்து, கையால் உண்டு, விடியுமுன் வேலைக்குச் சென்று, சான்றிதழுக்காகக் காத்து நின்ற எளியோர். பிரட்டுக்களத்திலே பேர் கொடுத்துக் கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்களும் லயன் அறைகளிலே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்களும் அவர்களுக்கு அந்நியரல்லர். துன்பத்தால் உறவினர் ஆவர். ஓரினத்தின் பழக்கம் எதுவும் பிறவியிலேயே அமைந்ததன்று. வாணிகமும் சட்டமும் உழைப்பும் அதனை ஆக்குகின்றன, மாற்றவும் செய்கின்றன.

ராட்விண்டர் முதியோரின் சொற்களை ஹரிசன் எழுதி வைத்ததனாலன்றோ ஒரு மரக்கட்டைத் தலையணையின் கதை நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தெரிகின்றது! மலைநாட்டு முதியோரும் தம் வாழ்நாளில் மாறியவற்றையும் மாறாதவற்றையும் நன்கு அறிவர். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதற்கு அரண்மனையோ பல்கலைக்கழகமோ வேண்டியதில்லை. கேட்கும் செவியும், ஒரு கொப்பியும், எழுத அறிந்த ஒரு மாணாக்கனும் போதும்.