மூச்சை அளந்த ஓட்டக்காரர்

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர் என்பதைப் பலரும் அறிவர். அதில் சரிபாதி, அதாவது 21.0975 கிலோமீட்டர், அரை மாரத்தான் எனப்படுகிறது. இதில் கலந்துகொள்ளும் பெரும்பாலோர் பதக்கத்துக்காக ஓடுவதில்லை. சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு சில நிமிடங்கள் முன்னதாக முடித்தோமா என்பதே அவர்களுடைய கேள்வி. அவ்வாறு முன்னேறும் ஒருவரின் உடலில் உண்மையில் என்ன மாறுகிறது? கால் வலுத்துவிட்டது என்பர் சிலர். மனம் உறுதிப்பட்டது என்பர் வேறு சிலர். இக்கேள்விக்கு அளந்து விடை காண முற்பட்டவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய அறிஞர் ஆர்ச்சிபால்டு விவியன் ஹில். அவரும் ஓட்டத்தில் நாட்டம் கொண்டவரே.

தவளையின் தசை

1886-ல் பிரிஸ்டல் நகரில் பிறந்த ஹில், கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். பின்னர் உடலியலுக்கு மாறினார். களைத்த தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது என்பதையும், ஆக்சிஜன் கிடைத்தால் அது மறைகிறது என்பதையும் 1907-ல் பிளெட்சர், ஹாப்கின்ஸ் ஆகிய இருவர் தவளைத் தசையில் கண்டிருந்தனர். ஹில்லோ தசை சுருங்கும்போது வெளிப்படும் வெப்பத்தை அளக்கத் துணிந்தார். ஒருமுறை சுருங்கினால் தசையின் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கே உயரும். வெப்ப மின்னிரட்டைகளையும் கால்வனாமீட்டரையும் கொண்டு அதனை அவர் அளந்தார். இவ்வாய்வுக்காக 1922-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ மேயர்ஹாப்புடன் பகிர்ந்துகொண்டார்.

ஆக்சிஜன் கடன்

தவளையில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? இதை அறிய ஹில்லும் அவருடைய துணைவர்களும் 1920-களின் தொடக்கத்தில் புல்தரையில் வட்டமாக ஓடிச் சோதனை செய்தனர். ஓடுபவர் ஹில்லே. முதுகில் ஒரு பெரிய பை. வாயில் ஒரு குழாய். வெளிவிடும் மூச்சு முழுவதும் பையில் சேரும். வெளிக்காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன் உள்ளது. பையில் சேர்ந்த காற்றில் அது எவ்வளவு குறைந்துள்ளது என்று பகுத்தறிந்தால், உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

வேகம் கூடக் கூட ஆக்சிஜன் நுகர்வும் கூடியது. ஆனால் நிமிடத்துக்கு 4 லிட்டர் அளவில் அது நின்றுவிட்டது. அதற்கு மேல் வேகமாக ஓட முடிந்தது. ஆனால் நுகர்வு உயரவில்லை. அப்படியானால் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஆக்சிஜன் இன்றியே தசை அதைத் தற்காலிகமாகப் பெற்றுக்கொள்கிறது என்றும், ஓட்டம் நின்றபின் நாம் மூச்சு வாங்குவது அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தத்தான் என்றும் ஹில் விளக்கினார். இதற்கு 'ஆக்சிஜன் கடன்' என்று பெயரிட்டார்.

1925-ல் அவர் உலகச் சாதனைகளை வரைபடமாகத் தீட்டினார். ஓடும் நேரம் கூடும்போது சராசரி வேகம் முதலில் செங்குத்தாகச் சரிகிறது. பின்னர் மெதுவாகவே குறைகிறது. குறுகிய ஓட்டம் பெரிதும் கடனில் நடப்பது. நெடிய ஓட்டம் வரவில் நடப்பது. பின்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, ஓட்டக்காரரின் உடலில் காந்தமேற்றிய எஃகுப் பட்டையைக் கட்டி, பாதையோரம் கம்பிச்சுருள்களை நிறுத்தினார். காந்தம் கடக்கும்போதெல்லாம் சுருளில் மின்னோட்டம் தூண்டப்பட்டது. கால்வனாமீட்டர் அதைக் காட்டியது. மின்காந்தத் தூண்டலுக்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டை வகுப்பில் காட்டுவது கடினம்!

ஒரு கணக்கு

ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் ஓடிக் கடத்த ஏறத்தாழ 1 கிலோ கலோரி செலவாகிறது. வேகத்தைப் பொறுத்து இது அதிகம் மாறுவதில்லை என்று இத்தாலியரான மார்கரியா குழுவினர் 1963-ல் காட்டினர்.

என் எடை 60 கிலோ. ஆகவே ஓர் அரை மாரத்தானுக்கு எனக்கு ஏறத்தாழ 1,270 கிலோ கலோரி தேவை. முதல் முறை 141 நிமிடத்தில் ஓடினேன். மூன்று ஆண்டுகளுக்குப் பின் 120 நிமிடத்தில் ஓடினேன். இருமுறையும் செலவான ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே. மாறியது திறன், அதாவது ஆற்றலைச் செலவிடும் வீதம். முதல் முறை நிமிடத்துக்கு 9 கிலோ கலோரி, பின்னர் 10.6. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 5 கிலோ கலோரி என்று கொண்டால், என் ஆக்சிஜன் வரவு நிமிடத்துக்கு 1.8 லிட்டரிலிருந்து 2.1 லிட்டராக உயர்ந்துள்ளது. மூன்று ஆண்டு உழைப்பின் பயன், நிமிடத்துக்கு ஒரு தம்ளர் அளவு ஆக்சிஜன்!

எத்தியோப்பிய வீரர் யோமிப் கெஜெல்சா 2024-ல் வாலென்சியா நகரில் இத்தூரத்தை 57 நிமிடம் 30 விநாடியில் கடந்தார். இதே கணக்கின்படி நிமிடத்துக்கு 4 லிட்டருக்குக் குறையாத ஆக்சிஜன் வேண்டும். ஹில் சில நிமிடங்களே தொட்ட உச்சத்தை அவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கியிருக்கிறார்.

சரிந்த கொள்கையும் நிலைத்த அளவும்

லாக்டிக் அமிலமே தசையைச் சுருங்கச் செய்கிறது என்று ஹில்லும் மேயர்ஹாப்பும் கருதினர். டேனிஷ் அறிஞர் லுண்ட்ஸ்கார்டு 1930-ல் அக்கருத்தைத் தகர்த்தார். அயோடோ அசெட்டிக் அமிலம் ஏற்றிய தசை, லாக்டிக் அமிலம் உண்டாகாமலேயே சுருங்கியது. பரிசு பெற்ற கொள்கையாயிற்றே என்று ஹில் அதைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. தசை உடலியலில் இது ஒரு புரட்சி என்று 1932-ல் தாமே எழுதினார். 1980-களில் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் புரூக்ஸ் மேலும் ஒரு படி சென்றார். ஓடும்போது உண்டாகும் லாக்டேட் வெறும் கழிவன்று. இதயமும் பிற தசைகளும் அதை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன என்று அவர் விளக்கினார்.

விளக்கம் மாறிற்று, ஆனால் நுகர்வுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்னும் அளவீடு நிலைத்து நின்றது. அந்த உச்சத்துக்கு நெருக்கமாக நெடுநேரம் ஓடும் ஆற்றல் பயிற்சியால் எப்படி வருகிறது? பல வாரங்கள் ஓடப் பழக்கிய எலிகளின் தசையில், மைட்டோகாண்ட்ரியாக்களின் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இரு மடங்கானதை ஜான் ஹாலோசி 1967-ல் கண்டார். பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளுகிறது. தசையில் நுண்குழல்களும் பெருகுகின்றன.

1943–44-ல் ஹில் இந்தியாவுக்கு வந்து, இங்கு அறிவியல் ஆய்வை வளர்க்கும் வழிகள் பற்றி அறிக்கை அளித்ததும் குறிப்பிடத்தக்கது. அவர் 1977-ல் மறைந்தார்.

மாணவர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். பையும் குழாயும் தேவையில்லை. கடிகாரம் ஒன்று போதும். பள்ளி மைதானத்தை ஒரே வேகத்தில் ஐந்து சுற்று ஓடி, நின்றவுடன் 15 விநாடிக்கு நாடித்துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து ஓடிப் பழகியபின் அதே வேகத்தில் மீண்டும் ஓடி எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால், நீங்கள் யாரையும் முந்தாவிட்டாலும் முன்னேறியிருக்கிறீர்கள்.