ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் தரவு தொலைதூர சர்வரைச் சென்றடைவது எப்படி?

புதுதில்லி: அதிக மாசு ஏற்படுத்தும் 17 வகைத் தொழில்களைச் சேர்ந்த ஆலைகள், புகைபோக்கியிலும் கழிவுநீர் வெளியேறும் இடத்திலும் தானியங்கி அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தி, அவற்றின் அளவீடுகளை இணையவழியில் தொடர்ந்து அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உத்தரவிட்டது. சிமெண்ட், அனல்மின், சர்க்கரை, காகிதம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட தொழில்கள் இதில் அடங்கும்.

உத்தரவைப் படிப்பதற்கு எளிது. நடைமுறையில், ஆலைக்குள் இயங்கும் கருவி ஒரு வலையமைப்பிலும், தரவைப் பெறும் சர்வர் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு வலையமைப்பிலும் உள்ளன. இடையில் ஆலையின் அலுவலக வலையமைப்பும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைப்பும் குறுக்கிடுகின்றன. மாசு அளவீட்டுக்கு மட்டுமன்றி, குடிநீர் ஏற்று நிலையங்கள், துணை மின் நிலையங்கள், எண்ணெய்க் குழாய்த் தடங்கள் ஆகிய அனைத்துக்கும் இச்சிக்கல் பொதுவானது.

ஆலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை 'மோட்பஸ்' என்ற தகவல் பரிமாற்ற முறையைப் புரிந்துகொள்பவை. 1979-இல் உருவான இம்முறையில் கடவுச்சொல்லும் இல்லை, மறைகுறியாக்கமும் இல்லை. கேட்பவர் யார் என்று கருவி பார்ப்பதில்லை. கேட்டால் அளவைச் சொல்லும், எழுதச் சொன்னால் மாற்றிக்கொள்ளும். கம்பிகள் ஆலைச் சுவரைத் தாண்டாத காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை.

இதை அறியாமல் செய்யப்படும் தவறு ஒன்று உண்டு. தொலைவிலுள்ள சர்வர் கருவியைத் தேடி வர வேண்டும் என்பதற்காக, ஆலையின் ரவுட்டரில் மோட்பஸுக்குரிய 502-ஆம் எண் வாயிலை இணையத்தை நோக்கித் திறந்துவிடுகின்றனர். வேலை அன்றே முடிந்துவிடும். ஆனால் அந்த வாயில் வாரியத்திற்கு மட்டும் திறந்திருப்பதில்லை. மோட்டாரை நிறுத்தும் கட்டளையும் அதே வழியில் உள்ளே வர முடியும்.

சரியான முறை திசையை மாற்றுவதாகும். சர்வர் உள்ளே வருவதற்குப் பதிலாக, ஆலையிலிருந்து தரவு வெளியே புறப்பட வேண்டும். இதற்கு இரண்டு வலைப்பின்னல் அட்டைகள் கொண்ட கேட்வே கணினி பயன்படுகிறது. அதன் ஒரு முனை பி.எல்.சி. இருக்கும் பக்கத்திலும், மறுமுனை வெளித்தொடர்புள்ள பக்கத்திலும் இணைக்கப்படும். கேட்வே தானே கருவியிடம் அளவுகளைக் கேட்டுப் பெற்று, பின்னர் தானே சர்வருடன் மறைகுறியாக்கப்பட்ட தொடர்பை ஏற்படுத்தி அனுப்புகிறது. ஒரு பக்கத்துப் பொட்டலம் மறுபக்கத்துக்கு நேரடியாகக் கடந்து செல்லும் வசதி அதில் முடக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் அது வெறும் ரவுட்டராகிவிடும்.

இந்த ஏற்பாடு முகவரிக் குழப்பத்தையும் தீர்க்கிறது. இயந்திரத் தயாரிப்பாளர்கள் பலரும் ஒரே மாதிரியான உள்முகவரிகளுடன் கருவிகளை அனுப்புவதால், ஒரே முகவரி பத்து இயந்திரங்களில் இருப்பது சாதாரணம். ஒவ்வோர் இயந்திரத்தின் முன்பும் ஒரு கேட்வே நின்றால், சர்வருக்கு அந்த முகவரிகளே தெரிய வேண்டியதில்லை.

வெளியே அனுப்புவதற்குப் பரவலாகப் பயன்படும் 'எம்.கியூ.டி.டி.' முறை 1999-இல் எண்ணெய்க் குழாய்த் தடங்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக உருவாக்கப்பட்டது. குறைந்த அலைவரிசையும் அடிக்கடி அறுபடும் இணைப்பும் அதன் பிறப்பிலேயே கணக்கில் கொள்ளப்பட்டவை என்பதால், கிராமப்புற செல்போன் இணைப்பில் இயங்கும் நீரேற்று நிலையங்களுக்கும் அது பொருந்துகிறது.

ஒருவழிப் பாதை

அணுமின் நிலையம் போன்ற இடங்களுக்குக் கேட்வே மட்டும் போதாது. அங்கு 'டேட்டா டையோடு' என்ற கருவி பயன்படுத்தப்படுவதுண்டு. ஒளியிழையின் ஒரு முனையில் ஒளியை அனுப்பும் பகுதியும், மறுமுனையில் பெறும் பகுதியும் மட்டுமே இருக்கும். திரும்பி வருவதற்கு வழியே கிடையாது. கேள்வி, பதில் என்ற முறையில் இயங்கும் மோட்பஸ் இதைக் கடக்க முடியாது. எனவே உள்ளே ஒரு கணினி அளவுகளைச் சேகரித்து, பதிலை எதிர்பாராமல் வெளியே தள்ளுகிறது.

வலையமைப்புகளைப் பிரித்து வைப்பதன் பயன் 2019-இல் கூடங்குளம் விவகாரத்தில் வெளிப்பட்டது. இணையத்துடன் இணைந்த நிர்வாக வலையமைப்பின் கணினி ஒன்றில் தீங்குநிரல் கண்டறியப்பட்டதை அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் உறுதிப்படுத்தியது. முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து தனித்திருப்பதால் நிலையத்தின் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அது தெரிவித்தது. இதற்கு மாறாக, உக்ரைனில் 2015 டிசம்பரில் மின் விநியோக நிறுவனங்களின் அலுவலகக் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள் அங்கிருந்து கட்டுப்பாட்டு அறை வரை சென்றனர். சுமார் 2.25 லட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரமின்றித் தவித்தனர்.

பாதுகாப்பு ஒருபுறமிருக்க, வந்து சேரும் எண் சரியானதா என்பதும் கேள்வியே. மோட்பஸின் ஒவ்வொரு பதிவேடும் 16 பிட் அளவுடையது. 45.6 என்ற வெப்பநிலை அதில் 456 என்று இருக்கலாம். தசம எண் இரண்டு பதிவேடுகளில் பிரிந்திருந்தால், அவற்றை வரிசை மாற்றிப் படிக்கும் சர்வர் நம்பவே முடியாத தொகையைக் காட்டும். நம்பும்படியான தவறான எண்ணைவிட இது மேல். உடனே கண்ணில் படும்.

நேரக் குறிப்பு அதைவிட நுட்பமானது. இணைப்பு துண்டிக்கப்படும்போது கேட்வே தரவைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்புகிறது. அளந்த நேரத்தைக் கேட்வேயே குறிக்காமல், வந்து சேர்ந்த நேரத்தைச் சர்வர் குறித்தால், ஆறு மணி நேர அளவீடுகள் ஒரே நிமிடத்தில் நிகழ்ந்தவையாகப் பதிவாகும். வரம்பு மீறிய கழிவுநீர் வெளியேறியது பகலிலா, இரவிலா என்று கண்டறிய இயலாது.

இந்தியக் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களுடன் ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. இணையவழி ஊடுருவல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிப்பதும், பதிவுகளை 180 நாட்கள் பாதுகாப்பதும் அதன்படி கட்டாயம்.