மழை கழுவின கிணறுகள்

சுனாமி எண்டதும் நாம மௌத்தானவங்களைத்தான் முதலில் எண்ணுறம். 2004 டிசம்பர் 26 இல் இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கட அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேல். ஆனால் தப்பினவர்களுக்கு அடுத்த நாளே வந்த கேள்வி தண்ணி. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் எண்டு கரையோரக் கிணறுகளுக்குள் கடல் புகுந்திருந்தது.

இந்தக் கிணறுகள் அதுவரை நல்ல தண்ணி தந்ததே ஒரு அதிசயம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலில் சில அடி தோண்டினால், பூவலில் குடிக்கிற தண்ணி ஊறும். காரணம் கனம். ஒரு லீட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கு. மாரி மழை மணலுக்குள் இறங்கி அந்தக் கனத்த நீருக்கு மேலே மிதக்கும். நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும். இறங்கும்போதும் இதே கணக்குத்தான்: அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறி வரும்.

2005 இல் அதுதான் பிரச்சினை. உதவிக் குழுக்கள் பம்புகளோடு வந்து இறைத்தன. உப்புக் கரிக்குதெண்டு திரும்பத் திரும்ப இறைத்தன. சேறு போனது, உப்புப் போகவில்லை. நல்ல மனசோட செய்ததுதான், ஆனா மணலின்ட குணம் தெரிஞ்சவங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கிழக்குக் கரையோரக் கிணறுகளை அளந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவன ஆய்வாளர்களும், இறைப்பு பெரிதாக உதவவில்லை, பருவமழைதான் உப்பைக் கழுவியது என்று கண்டார்கள். அதுவரை சனம் வாளியோடு பவுசருக்குக் காத்து நின்றது.

மழை சும்மா செய்த வேலையை இப்போ மெஷின் காசுக்குச் செய்யுது. 2024 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் தாளையடியில் திறந்த ஆலை நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் நன்னீர் எடுக்கக்கூடியது. கடல்நீரை நுண்ணிய சவ்வுகளூடாக அழுத்தித் தள்ளும் இவ்வகை ஆலைகளுக்கு ஒரு கன மீட்டருக்கு 3, 4 யூனிட் கரண்ட் போகும். எங்கட கரைக்கும் இப்படியொன்று வேணும் எண்டு எங்களுக்குள்ளயே சிலர் சொல்றாங்க. யாழ்ப்பாணம் ஏன் கடலுக்குப் போனது? முதலில் இரணைமடுக் குளத்துத் தண்ணியைக் கொண்டுபோகவே திட்டம் இருந்தது. வயலுக்குப் போதாது எண்டு கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள்.

கல்முனைப் பக்கக் குழாய்களுக்கு இன்றைக்கு வருவது அம்பாறை கொண்டவட்டுவான் குளத்துத் தண்ணி. அந்தக் குளத்தை நம்பியும் வயல்காரர் இருக்கிறார்கள்.