கண்மாய் மீனும் கண்காணாப் பகையும்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்துக் கண்மாய்கள் வயலுக்கு நீரும் எளியோர்க்கு மீனும் ஈவன. அத்தகைய நன்னீரில் இயல்பாகவே உறைவது ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியா. 1891-இல் இத்தாலிய அறிஞர் சனரெல்லி இதனைத் தவளைகளில் கண்டு விவரித்தார். மீன், ஆமை, பாம்பு ஆகியவை நலிவுற்ற வேளையில் இது அவற்றைத் தாக்கும்.

1988-இல் வடகிழக்கு இந்தியாவில் விரால் முதலிய மீன்களின் உடலெங்கும் புண் தோன்றிற்று. சில ஆண்டுகளில் அந்நோய் தமிழகத்தையும் எட்டியது. மக்கள் மீன் வாங்க அஞ்சினர். மீனவர் பிழைப்பு நலிந்தது. புண்ணில் காணப்பட்ட இப்பாக்டீரியாவின் மீது முதலில் பழி விழுந்தது. பூஞ்சையை ஒத்த அஃபனோமைசிஸ் என்னும் நுண்ணுயிரே மூலகாரணம் என்றும், பாக்டீரியா புண்வழிப் புகுந்து கேட்டை மிகுவிப்பது என்றும் பிந்தைய ஆய்வுகள் தெளிவித்தன.

அகப்பட்டவர் அனைவரும் முதற்குற்றவாளி அல்லர். பள்ளியிலும் இதனைக் கண்டிருக்கிறேன். கோடையில் குளத்தரையைக் காயவிட்டுச் சுண்ணாம்பு இடுதல் இன்றும் நற்காப்பு.