படகுக்கு முளைத்த தாடி

கயாக் என்ற படகை நம்மில் பல பேர் டிவியில் பார்த்திருப்போம். ஓர் ஆள் இடுப்பு வரை உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு முனையிலும் தட்டை உள்ள துடுப்பை இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போவாரே, அதேதான். கடலில் ஓட்டுகிற கயாக் ஐந்து மீட்டர் நீளம் இருக்கும். அகலமோ நம் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. பார்த்தால் வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி நேராகப் போகும் என்றுதான் தோன்றும். ஆனால் போகாது. பக்கவாட்டில் காற்று அடித்தால் போதும், நீங்கள் கிழக்கே போக நினைத்தால் அது காற்று வரும் பக்கமாக மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

இந்தப் பிடிவாதத்தை அடக்க, படகின் பின்பக்க அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு வைக்கிறார்கள். அதன் பெயர் ஸ்கெக். பழைய நார்ஸ் மொழியில் தாடியைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாம். படகுக்குத் தாடி! (தாடி முகத்தில்தானே முளைக்கும், பின்பக்கம் எப்படி என்று வைக்கிங்குகளிடம்தான் கேட்க வேண்டும்.)

முதலில் படகு ஏன் திரும்புகிறது என்று பார்த்துவிடுவோம், அப்போதுதான் மற்றது புரியும். படகு முன்னே போகும்போது அதன் மூக்கு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. அங்கே இரண்டு பக்கமும் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொள்வதால் மூக்கு பக்கவாட்டில் அவ்வளவு சுலபமாக நகராது. பின்பக்கம் அப்படியில்லை, அங்கே தண்ணீர் கலங்கிப் போய் பிடிப்பு குறைவு. பக்கவாட்டுக் காற்று மொத்தப் படகையும் தள்ளுகிறது; மூக்கு நிற்கிறது, வால் நழுவுகிறது. வால் அந்தப் பக்கம் போனால் மூக்கு இந்தப் பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்? வாலுக்கு அடியில் ஒரு தகடு இருந்தால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், நழுவாது. பட்டத்துக்கு வால் கட்டுகிறோமே, அம்புக்குப் பின்னால் இறகு வைக்கிறார்களே, எல்லாம் ஒரே சூத்திரம்தான்.

ஆனால் இலவசம் எதுவும் கிடையாது. எங்கள் பேரேட்டில் ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். நேராகப் போகும் படகு சுலபமாகத் திரும்பாது. சுலபமாகத் திரும்பும் படகு நேராகப் போகாது. கயாக்கின் வரலாறு முழுக்க இந்தப் பற்று வரவுக் கணக்குதான்.

கணக்கை முதலில் எழுதியவர்கள் கிரீன்லாந்தின் இனுவிட் வேட்டைக்காரர்கள். மிதந்து வந்த மரக்கட்டையில் சட்டம் கட்டி, சீல் தோலைப் போர்த்தித் தைத்து, அவரவர் உடம்பின் அளவுக்கே செய்துகொண்ட படகு. வேட்டைக்கு ஈட்டி. சத்தமில்லாமல் சீலுக்குப் பக்கத்தில் போக வேண்டும், எறிய வேண்டும், சட்டென்று விலக வேண்டும். இந்த வேலைக்குத் திரும்புகிற படகுதான் தேவை. நேராகப் போக வைப்பதை அவர்கள் இடுப்பாலும் துடுப்பாலும் பார்த்துக்கொண்டார்கள். படகை ஒரு பக்கமாகச் சாய்த்தால் தண்ணீருக்குள் இருக்கும் அதன் வடிவம் மாறும், அதனால் திசையும் மாறும். சின்ன வயதிலிருந்தே பழகியவர்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

பிறகு ஐரோப்பியர்களிடமிருந்து துப்பாக்கி வந்தது. இந்த இடம்தான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது. துப்பாக்கியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் குறி பார்ப்பதற்குள் படகு பாட்டுக்குத் திரும்பிக்கொள்ளும், குறி போச்சு! முன்தளத்தில் வெள்ளைத் துணியில் ஒரு சின்னத் திரை கட்டி, பனிக்கட்டி மாதிரி மறைந்து நெருங்கினார்கள். அதோடு பின்பக்க அடியில் ஒரு மரத்தகட்டையும் கட்டினார்கள். அதாவது ஸ்கெக். துடுப்பு போடாத அந்த நேரத்திலும் படகு திசை மாறாமல் போகட்டும் என்பதற்காக. தேவையில்லை என்றால் அவிழ்த்து வைத்துவிடலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஐரோப்பியர்கள் கயாக்கை எடுத்துக்கொண்டபோது வேறு வழியில் போனார்கள். 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மடித்துப் பையில் வைத்து ரயிலில் கொண்டு போகும் துணிப் படகுகள் வந்தன. 1907 முதல் ரோசன்ஹைம் ஊரில் க்ளெப்பர் என்ற தையல்காரர் அவற்றைத் தயாரித்து விற்றார். அகலமான படகுகள். இடுப்பைச் சாய்த்தெல்லாம் இவற்றைத் திருப்ப முடியாது. எனவே காலால் மிதித்துத் திருப்பும் சுக்கான் வைத்தார்கள். சுக்கானும் ஸ்கெக்கும் ஒன்றல்ல. சுக்கான் இடம் வலமாகத் திரும்பும், படகையும் திருப்பும். ஸ்கெக் திரும்பாது, அசையாமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டுமே அதன் வேலை.

இப்படி ஒரு மடிப்புப் படகில்தான் ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மன்காரர் 1932ல் உல்ம் நகரத்திலிருந்து கிளம்பினார். வேலையில்லாத் திண்டாட்ட காலம், சைப்ரஸ் சுரங்கத்தில் வேலை தேடலாம் என்று டான்யூப் நதியில் இறங்கியவர், அப்படியே போய்க்கொண்டே இருந்தார்! பாரசீக வளைகுடா, இந்தியக் கரையோரம், இலங்கை, பர்மா, ஜாவா என்று ஏழு வருடம். 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு தீவில் கரை ஏறியபோது உலகப் போர் ஆரம்பித்திருந்தது. எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். நம் கடற்கரை வழியாகப் போன மனிதர் என்பதால் சொல்லாமல் விட மனமில்லை. சரி, ஸ்கெக்குக்குத் திரும்புவோம்.

1959ல் கென் டெய்லர் என்ற கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் மேற்கு கிரீன்லாந்தின் இல்லோர்சூயிட் கிராமத்துக்குப் போனார். அங்கே எமானுவேல் கோர்னேலியுசன் என்பவர் இவருக்கென்று ஒரு கயாக் செய்து கொடுத்தார். அது ஸ்காட்லாந்துக்கு வந்தது. டங்கன் வின்னிங் அதை அளந்து வரைபடம் போட்டார். அந்த வரைபடத்தை வைத்து ஜெஃப் பிளாக்ஃபோர்ட் கொஞ்சம் பெரிதாக்கிச் செய்த படகுதான் அனாஸ் அகியூட்டா. ஊசிவால் வாத்தின் விஞ்ஞானப் பெயர் அது. இன்று உலகம் முழுக்க விற்கும் பிரிட்டிஷ் பாணிக் கடல் கயாக்குகளில் கணிசமானவற்றின் பூர்வீகம் அந்த ஒரு சீல் தோல் படகு.

அனாஸ் அகியூட்டாவிலிருந்து ஃபிராங்க் குட்மேன் நோர்ட்கேப் என்ற படகை வடித்தார். 1975ல் காலின் மார்ட்லாக் தலைமையில் ஒரு குழு நார்வேயின் வடகோடி நோக்கிப் போவதற்காகச் செய்தது. 1977ல் குட்மேன் உட்பட நான்கு பேர் இதில் கேப் ஹார்ன் முனையையே சுற்றி வந்துவிட்டார்கள். ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். சீல் வேட்டைக்காரன் காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிறவன். இவர்களோ பல நாள் சாப்பாடு, கூடாரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு நாளெல்லாம் ஒரே திசையில் போகிறவர்கள். வேலை மாறிவிட்டது, படகின் கணக்கும் மாறியாக வேண்டும்.

நோர்ட்கேப்பில் எச்.எம். என்று ஒரு மாதிரி வந்தது. பின்பக்கத்திலேயே ஸ்கெக்கை நிரந்தரமாக வார்த்துவிட்டார்கள். நேராகப் போனது, தண்டவாளத்தில் போகிற மாதிரி. திருப்புவதுதான் பெரும்பாடு. இதைவிடப் பெரிய சங்கடம், காற்று ஒரு நாளைப் போல ஒரு நாள் இருப்பதில்லை. சுமையும் தினம் குறையும். அசையாத தகடு ஒரே ஒரு நிலைமைக்குத்தான் சரியான விடை.

அதற்குத்தான் ஏற்றி இறக்கும் ஸ்கெக். படகுக்குள் ஒரு ஒடுக்கமான பெட்டி, அதற்குள் தகடு, உட்காருமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிடி. பிடியை நகர்த்தினால் கம்பி வழியாகத் தகடு இறங்கும். முழுக்க மேலே இருந்தால் மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பும். முழுக்க இறக்கினால் வால் கெட்டியாகிவிடும், மூக்கு காற்று போகும் பக்கம் ஒதுங்கும். நடுவில் எங்கோ ஓர் இடத்தில் இரண்டும் சமமாகி நேராகப் போகும். வானொலியில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரிதான்.

சுக்கானா ஸ்கெக்கா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. காலால் மிதிக்கும் கட்டை அசைந்துகொண்டே இருந்தால் காலை ஊன்றிப் படகைப் பிடிக்க முடியாது, அலையில் உடையும் என்பது ஸ்கெக் கட்சி. நியூசிலாந்தின் பால் காஃபின் சுக்கான் கட்சி. 1982ல் ஆஸ்திரேலியாவைக் கயாக்கில் முழுதாகச் சுற்றி முடித்த முதல் ஆள் அவர், 360 நாள். அவ்வளவு தூரம் போனவர் சொன்னால் நான் யார் மறுக்க? இருந்தாலும் என் ஓட்டு ஸ்கெக்குக்குத்தான். சுக்கான் ஓட்டுபவனின் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. ஸ்கெக் காற்றின் தொல்லையை மட்டும் கழித்துவிட்டு, திருப்புகிற வேலையை இடுப்புக்கும் துடுப்புக்குமே விட்டுவிடுகிறது.

ஒரே ஒரு மனத்தாங்கல். ஏற்றி இறக்கும் ஸ்கெக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிரிட்டிஷ் கண்டுபிடிப்பு என்று முடித்துவிடுகிறார்கள். பெட்டியும் கம்பியும் அவர்களுடையதாக இருக்கலாம். ஆனால் வேண்டும்போது வாலில் தகடு, வேண்டாதபோது இல்லை என்ற யோசனை, வெள்ளைத் திரைக்குப் பின்னால் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த சீல் வேட்டைக்காரனுடையது. படகின் வடிவத்துக்கு கிரீன்லாந்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதற்கும் காட்டியிருக்கலாம்.

அந்தக் கயிற்றுக்கட்டு ஸ்கெக்குக்கு இல்லாத ஒரு வியாதி புதியதற்கு உண்டு. கரையிலிருந்து தள்ளும்போது கூழாங்கல் ஒன்று பெட்டிக்குள் போய் மாட்டிக்கொள்ளும், தகடு இறங்காது. இழுத்துத் தள்ளினால் கம்பி மடங்கிவிடும். ஓட்டுபவருக்குக் கை எட்டாது. அதனால் பல பேர் தகட்டின் ஓரத்தில் ஓட்டை போட்டு ஒரு துண்டுக் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். மாட்டிக்கொண்டால் பக்கத்துப் படகுக்காரர் வந்து அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிடுவார்.