படிவமும் பயனாளியும்: மருத்துவக் கோரிக்கை முறைகளின் முன்சோதனை பற்றிய வரலாற்று நோக்கு

நோயுற்றார்க்கு உதவுதல் அரசின் கடமைகளுள் ஒன்றென்னுங் கொள்கை இன்று நாடெங்கணும் ஒப்புக்கொள்ளப்பட்டதொன்று. எனினும், சட்டம் நிதியை ஒதுக்கியதனால் மட்டும் அது நோயாளியின் கையை வந்தடைவதில்லை. சட்டத்துக்கும் நோயாளிக்கும் இடையே பதிவேடும் படிவமும் சான்றிதழும் நிற்கின்றன. முன்னாளில் இவற்றை எழுதுவினைஞர் கையாண்டனர். இந்நாளில் மென்பொருள் கையாளுகின்றது. அம்மென்பொருளைத் திறந்துவைக்கு முன்னர் எங்ஙனஞ் சோதித்தல் வேண்டுமென்பது பொறியியலார்க்கே உரிய வினாவென்று கருதுவாருளர். வரலாறு பயில்வோர்க்கும் அதில் உரிமையுண்டு என்பதை ஈண்டு நோக்குவாம்.

செருமனியிலே பிசுமார்க்கு 1883ஆம் ஆண்டில் நோய்க்காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றினார். அதற்குப் பதினோராண்டு முன்னரே, 1872இல், இலங்கைப் பெருந்தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. 1880, 1912 ஆகிய ஆண்டுகளில் அத்துறையிற் புதிய சட்டங்கள் எழுந்தன. ஆயின் லுணுகலை, பசறை, மடுல்சீமை முதலாய மலைச்சாரல்களில் உழைத்தவரைப் பொறுத்தவரையில், தோட்டப் பதிவேட்டில் எழுதப்பட்டதே பெயர். கணக்கப்பிள்ளை எழுதியதே வயது. அவற்றை வாசித்துத் திருத்தும் வாய்ப்பு அவர்க்குப் பெரும்பாலும் இருந்ததில்லை.

அப்பிழைகளின் விலை பின்னரே தெரிந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிசுத்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவுதல் வேண்டியதாயிற்று. சுமார் எட்டேகால் இலட்சம் மக்களுக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. அரசியல் நோக்கம் இதற்குத் தலையாய காரணம். ஆயினும் அந்நோக்கத்துக்குக் கருவியாய் நின்றது படிவமே. பல தலைமுறையாக இங்கு வாழ்ந்தவரும் தாளில் அதனைக் காட்டவியலாது தோற்றனர். தன்னைப் பயன்படுத்துவோரின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கப்படாத முறையொன்று எத்துணைத் தீங்கு செய்யவல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கணினிக் காலத்திலும் இப்பாடம் மாறவில்லை. அமெரிக்கக் கூட்டரசு, மக்கள் மருத்துவக் காப்புறுதி பெறுதற்கென அமைத்த இணையத்தளத்தை 2013 ஒற்றோபர் 1ஆந் திகதி திறந்தது. முதல்நாளிற் பதிவை நிறைவுசெய்தோர் அறுவரே எனப் பின்னர் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. பல நிறுவனங்கள் ஆக்கிய உறுப்புகளை ஒருங்கிணைத்து, தொடக்கம் முதல் முடிவுவரை சோதித்தற்குக் கிடைத்த காலம் இறுதி இரு வாரங்களே என்பது அந்நாட்டுக் காங்கிரசின் விசாரணையில் வெளிப்பட்டது. திறப்புநாளை முதலிற் குறித்து, எஞ்சியதைச் சோதனைக்கு விட்டமை அங்கு நேர்ந்த தவறுகளுள் முக்கியமானது.

இந்தியாவில் 2018 செப்டெம்பரிலே தொடங்கிய பிரதம மந்திரி சன ஆரோக்கியத் திட்டத்தை ஆராய்ந்த கணக்காய்வாளர் தலைவரின் அறிக்கை 2023இல் வெளிவந்தது. 9999999999 என்னும் ஒரே தொலைபேசி எண்ணின்கீழ் 7,49,820 பயனாளிகள் பதியப்பட்டிருந்தனர். இறந்தாரெனக் குறிக்கப்பட்ட 3,446 நோயாளிகளின் பெயரிற் பின்னருஞ் சிகிச்சைக் கொடுப்பனவு நிகழ்ந்திருந்தது. தமிழ்நாட்டில் ஏழே ஆதார் எண்களோடு 4,761 பதிவுகள் இணைந்திருந்தன. பயனாளியை அறிதற்குத் தொலைபேசி எண் பயன்படவில்லை என அதிகாரிகள் விளக்கினர். அங்ஙனமாயின், கைபேசியில்லாத ஏழையிடம் அதனைக் கேட்குங் கட்டம் எதற்கு? கட்டத்தை நிரப்பியாக வேண்டுமெனின், களப்பணியாளர் கைக்கு வந்த எண்ணை இடுதல் இயல்பே. இத்தகைய வழக்கை முன்னரே எண்ணிப் பார்ப்பதுதான் சோதனைத் திட்டம்.

இனி நம் நாட்டை நோக்குவோம். இங்கு அரச மருத்துவமனைகளிற் சிகிச்சை இலவசம். ஆயினும் ஆசிரியர் உள்ளிட்ட அரச ஊழியர்க்கு அக்ரஹார என்னும் மருத்துவக் காப்புறுதி உண்டு. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசியக் காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதனை நடத்துகின்றது. இத்தகைய நிதியத்துக்கு மென்பொருள் ஆக்குவோர் எவற்றைத் திட்டமிடல் வேண்டும்?

முதலாவது, விதிகள் ஒவ்வொன்றையும் வழக்குகளாக வகுத்தல். கொடுப்பனவின் உச்சவரம்புக்கு ஒரு ரூபா குறைந்த கோரிக்கை, சரியான கோரிக்கை, ஒரு ரூபா கூடிய கோரிக்கை ஆகிய மூன்றையும் சோதித்தல் வேண்டும். காப்புறுதி தொடங்கும் நாளும் அதன் முதல்நாளும், பெப்ருவரி 29ஆந் திகதியும் அவ்வாறே.

இரண்டாவது, ஆளடையாளம். 2016 முதல் அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கங்களாயிற்று. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் உள்ளன. இரண்டும் ஏற்கப்படுதல் வேண்டும். லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி என மூன்று ஆவணங்களில் மூவகையாக எழுதப்பட்ட ஒரு தாயை மென்பொருள் மூவராகக் கொள்ளுமா? தந்தை பெயரின் முதலெழுத்தன்றிக் குடும்பப் பெயர் இல்லாதவரை அது திருப்பியனுப்புமா? மலையகத்தார்க்கு இவை அன்றாட வினாக்கள்.

மூன்றாவது, முழுவழிச் சோதனை. மருத்துவமனைச் சிட்டை முதல் வங்கிக்கணக்கு வரை ஒரே கோரிக்கை செல்லுதல் வேண்டும். மழைநாளில் இணைப்பு அறுந்தால் அது இரண்டாகிவிடலாகாது. நிராகரிக்கப்பட்டவர்க்குக் காரணம் அவர்தம் மொழியிலேயே தெரிதல் வேண்டும்.

நான்காவது, ஒப்புநோக்கு. முன்பு தீர்க்கப்பட்ட கோரிக்கைகளை, பெயர்களை நீக்கியபின், புதிய முறையிலுஞ் செலுத்தி விடைகளை ஒப்பிடல் வேண்டும். அதன்பின் ஒரு மாவட்டத்தில் மட்டும் வெள்ளோட்டம் விடுதல் நன்று.

இவை யாவற்றினும் மேலானது, சோதனையிற் குறைகண்டால் திறப்புநாளைத் தள்ளிவைக்கும் அதிகாரம் ஒருவர்க்கு இருத்தலாகும். அஃதின்றேல் சோதனை வெறுஞ் சடங்கே.

சோதனையானது பிழையுண்டென்று காட்டவல்லதேயன்றிப் பிழையில்லையென்று நிறுவவல்லதன்று எனக் கணினியறிஞர் டைக்சுத்திரா 1969இல் உணர்த்தினார். ஆதலின் எல்லா வழக்குகளையும் எண்ணி முடித்தல் இயலாது. எவற்றை முதலில் எண்ணுவது என்பதே தெரிவு. தெரிந்துசெயல்வகைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பயில்வோர்க்கு இது புதுமையன்று. தலைநகரில் வாழ்பவர், மறுக்கப்பட்ட கோரிக்கையை நேரிற் சென்று முறையிடுவர். லுணுகலையிலிருந்து செல்பவர்க்கோ நாளும் வழிச்செலவும் கழியும். பலர் முறையிடாமலே விடுவர். ஆகவே, முறையிட இயலாதவரின் வழக்கே முதலிற் சோதிக்கப்படுதல் முறை. நாளை மென்பொருள் ஆக்கப்போகும் நம் மாணவர், கணினிக் கலையோடு தம் மூதாதையர் நிரப்பிய படிவங்களின் வரலாற்றையும் பயில்வாராக.