அபாதான் முகத்துவாரத்தில் எரிந்த விளக்கு

கலங்கரை விளக்கத்தின் வரலாற்றைப் பேசும்போது நாம் பெரும்பாலும் அலெக்சாந்திரியாவின் கற்கோபுரத்தையே நினைவுகூர்கிறோம். அரபுப் பயணிகள் பலர் அதனைக் கண்டு வியந்து எழுதியுள்ளனர். ஆயினும் முஸ்லிம்களின் கடல் வரலாற்றில் மரத்தாலான விளக்கு ஒன்றும் உண்டு. டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆகிய இரு நதிகளும் ஒன்றுகூடி, ஷத்துல் அரப் என்னும் பேராறாகிப் பாரசீக வளைகுடாவில் கலக்கும் முகத்துவாரத்தில், அபாதான் என்னும் ஊருக்கு அப்பால், கடல் நீருக்குள்ளேயே அது நின்றது. அரபியர் அதனைக் 'கஷபாத்' என்றனர். 'மரங்கள்' என்பதே அச்சொல்லின் பொருள்.

அவ்விடத்தில் விளக்கு தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் உத்பா இப்னு கஸ்வான் (ரலி) அவர்களால் படைத்தளமாக அமைக்கப்பட்ட பஸ்ரா, விரைவில் பெரும் வணிக நகரமாக வளர்ந்தது. கி.பி. 762இல் பக்தாத் எழுந்தபின், இந்தியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்த சரக்குகள் இம்முகத்துவாரத்தின் வழியாகவே உள்நாட்டை அடைந்தன. ஆனால் இரு நதிகளும் சுமந்து வந்த வண்டல் அங்கே படிந்து, கடலை ஆழமற்றதாக்கியது. பல மாதங்கள் பெருங்கடலைக் கடந்து வந்த கப்பல், வீட்டு வாசலை எட்டிய நிலையில் சேற்றுத் திட்டில் தரைதட்டிச் சிதையக்கூடும். இரவில் அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கி.பி. 10ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி தமது 'முரூஜுத் தஹப்' நூலில் இம்மரங்களைக் குறிப்பிடுகிறார். உமானிலிருந்தும் சீராஃபிலிருந்தும் வரும் கப்பல்கள் ஆபத்தான நீர்ப்பகுதிக்குள் சிக்கிவிடாதிருக்க, அவற்றின்மீது இரவில் ஆட்கள் தீ மூட்டினர் என்பது அவர் தரும் செய்தி.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப்பின், கி.பி. 1052இல், மக்காவில் ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டுத் தாயகமான குராசானுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, பஸ்ராவிலிருந்து கப்பலேறி அவ்வழியே சென்றார். ஆற்றின் நன்னீர் ஒரு நாக்கைப் போலக் கடலுக்குள் நெடுந்தொலைவு நீண்டிருந்ததை அவர் கண்டார். பொழுது புலர்ந்ததும் கடல் நடுவே சிட்டுக்குருவி அளவில் ஏதோ தென்பட்டது. நெருங்க நெருங்க அது பெரிதாகியது. பெரிய தேக்குத் தூண்கள் நான்கு, அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும், கவண்பொறியைப் போல நின்றன. நீர்மட்டத்திற்கு மேல் அதன் உயரம் 40 கஸ். கஸ் என்பது அக்காலப் பாரசீக நீட்டலளவை. உச்சியில் கல்லும் ஓடும் பரப்பி, காவலருக்கென நான்கு வளைவுகள் கொண்ட சிற்றறை அமைத்திருந்தனர். காற்றில் அணையாதவாறு விளக்கைக் கண்ணாடிக்குள் வைத்து எரித்தனர். ஆழமற்ற இடத்தைக் காட்டுவதோடு, கடற்கொள்ளையர் வரவைக் கண்டு கப்பல்கள் விலகிச் செல்லவும் அது பயன்பட்டது.

அத்தூண்களின் தேக்கு அரபுமண்ணில் விளைவதன்று. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து அரபு நாடுகளுக்குச் சென்ற சரக்குகளில் தேக்கும் ஒன்று என்பதை நாம் அறிவோம். கப்பல் கட்டப் பயன்பட்ட அதே மரம், கப்பலைக் காக்கவும் பயன்பட்டது.

இதனைக் கட்டியவர் யார்? நாசிர் குஸ்ரோ வினவியபோதே தெளிவான விடை கிடைக்கவில்லை. செல்வந்தர் ஒருவர் கட்டினார் என்றனர் சிலர். அரசர் ஒருவர் கட்டினார் என்றனர் வேறு சிலர். கட்டியவரின் பெயர் மறைந்துவிட்டது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடல் நடுவே அச்சிற்றறையில் இரவெல்லாம் விழித்திருந்த காவலர்களின் பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை.

இன்று அம்மரங்களும் இல்லை. வண்டல் தொடர்ந்து படிந்ததால் கரையே கடலை நோக்கி நகர்ந்துவிட்டது. அன்று கடலலை தொட்ட அபாதான், இன்று வளைகுடாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உள்ளே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர்பெற்ற ஈரானிய நகரமாக இருக்கிறது.

நம் முன்னோரின் பெருமையைக் கூற முற்படும்போது நாம் அரண்மனைகளையும் குவிமாடங்களையும் எண்ணுகிறோம். அவை நின்று நிலைத்தவை. ஆதலால் கண்ணில் படுகின்றன. பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகக் கற்பித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். கடலும் ஒரு பாதையே. அதன் இருளில் எவருடைய கப்பல், எந்த மார்க்கத்தார், எந்த நாட்டார் என்று கேளாமல் எல்லோருக்கும் ஒரே விளக்கு எரிந்தது. அதனால் கரைசேர்ந்தோர் எத்தனை பேர், அதற்கு உழைத்தோர் யார் யார் என்பவற்றை அல்லாஹ்வே நன்கறிவான்.